தெளிதலும் விடிதலும்

ஒரு பொருள் முதலில் மங்கலாய்த் தோன்றிப் பின்னர்ச் சிறிது சிறிதாக விளக்கமுறுதல் மக்கள் எல்லார்க்கும் பொதுவாகிய அநுபவம். அவ்வநுபவத்தைச் சொல்லுஞ் சொற்களோ மொழிக்கு மொழி வேறுபடுவன. ஆங்கிலேயன் அதனை ஒருவகையாற் காண்கின்றான். தமிழன் மற்றொருவகையாற் காண்கின்றான். இருவர் காட்சியும் நல்ல காட்சியே. ஒருவன் கண்ணை எடுத்து மற்றொருவன் முகத்திற் பொருத்த முயலும்போதுதான் குருடு பிறக்கின்றது.

இக்காலத்துத் தமிழ் உரைநடையில் அத்தகைய பொருத்து வேலை மிகுந்துவருகின்றது. "உண்மை அவனுக்கு விடிந்தது", "இவ்வறிக்கையின் வெளிச்சத்தில்", "பிரச்சினை குவியத்துக்கு வந்துள்ளது", "அதிகரித்த அளவில் தெளிவாகி வருகின்றது", "அவருடைய கருத்துப் பளிங்குருப் பெற்றது" என்னும் இவைபோன்ற தொடர்களை மாணாக்கர் விடைத்தாள்களிற் காணலாம், செய்தித்தாள்களிற் காணலாம், மொழிபெயர்த்து அனுப்பப்படும் சுற்றறிக்கைகளில் மிகுதியாகக் காணலாம். எழுத்துத் தமிழ், வாக்கியம் ஆங்கிலம். ஆங்கிலம் அறிந்தவன் இவற்றைத் திரும்ப ஆங்கிலமாக்கிப் பொருள் உணர்ந்துகொள்கின்றான். ஆங்கிலம் அறியாதவன் என் செய்வான்? விடிந்தது பொழுதோ, உண்மையோ என்று மயங்குவான்.

இதனை ஆராய்வது பண்டிதர்க்கே உரிய சொல்லாராய்ச்சி என்று சிலர் ஒதுக்கிவிடக்கூடும். அங்ஙனம் ஒதுக்குதற்கு இயலாது. வகுப்பறையில் நிகழ்வது அனைத்தும், விளங்காமையிலிருந்து விளக்கத்துக்குச் செல்லும் ஒரு பயணம். அப்பயணத்தின் படிகளுக்குப் பெயர் அறியாத மாணாக்கன், தான் எந்தப் படியில் நிற்கின்றான் என்பதையும் சொல்ல அறியான். ஆகவே இது கல்வியின் உயிர்நிலையைப் பற்றிய பேச்சாகும்.

ஆங்கிலத்தார் காட்சி

முதலில் ஆங்கிலத்துக்கு அதற்குரிய மதிப்பை அளிப்போம். பொருள் காலப்போக்கில் விளக்கமுறுதலைக் குறிக்க அம்மொழியிற் பல தொடர்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தல் ஆங்கிலத்திலும் வழுவே.

'டோன்' என்பது விடியல். உண்மை ஒருவன்மீது விடிகின்றது என்று அவர்கள் சொல்லுவர். அங்கே எழுவாய் உண்மை. அறிபவன் அவ்வொளி விழும் நிலம். அவன் முயற்சி அங்கே பேசப்படுவதில்லை. நெடுநேரம் கண்ணெதிரே இருந்தும் காணப்படாத ஒன்று தானே மெல்லத் தெரியவருதலுக்கே இத்தொடர் பொருந்தும். 'கம் ரு லைற்', அதாவது வெளிச்சத்துக்கு வருதல், அத்தகையதன்று. மறைந்து கிடந்ததொன்று வெளிப்படுதலை அது குறிக்கும். மறைத்தவன் ஒருவன் இருக்கலாம். தேடியவன் ஒருவன் இருக்கலாம். பெட்டகத்துட் கிடந்த ஏட்டுச்சுவடிக்கும், கணக்கில் நேர்ந்த களவுக்கும் அது பொருந்தும். கேத்திர கணிதத்தில் ஒரு நிறுவல் விளங்கியதற்கு அது பொருந்தாது.

'கம் இன்ரு போக்கஸ்' என்பது கமெராவோடு நமக்கு அறிமுகமான தொடர். வில்லையை முன்னும் பின்னும் அசைக்க, கலங்கித் தெரிந்த உருவத்தின் ஓரங்கள் கூர்மையாகின்றன. பொருள் இருந்த இடத்தில் இருக்கின்றது. காண்பவன் கருவியைச் செப்பஞ்செய்கின்றான். 'போக்கஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் பழைய பொருள் அடுப்பு. செருமானிய வானியலறிஞர் கெப்பிளர் 1604இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் அதனைக் கணிதக் கலைச்சொல்லாக ஆண்டார். கதிர்கள் ஒருங்குகூடும் இடம் எரிக்கும் இடமாதலின் அடுப்பு என்றார் போலும். நமது விஞ்ஞான நூல்கள் அதனைக் குவியம் என்று வழங்குகின்றன. நல்ல சொல்; தன் இடத்தில் இருக்கும்வரை நல்ல சொல்.

'எமேர்ஜ்' என்பது நீருள் அமிழ்ந்தது மேலெழுதல். 'ரிவீல்' என்பது திரையை நீக்குதல். 'அன்போல்ட்' என்பது மடிப்பு விரிதல். நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தெரியவரும்போது அதனை ஆள்வர். 'ரேக் ஷேப்' என்பது உருப்பெறுதல். திட்டத்துக்கும் கட்டடத்துக்கும் உரியது. 'கிறிஸ்ரலைஸ்' என்பது கரைசலிலிருந்து பளிங்கு பிறத்தல். பரந்து கிடந்த எண்ணம் உறுதியான வடிவு கொள்ளுதலுக்கு உரியது.

'ரான்ஸ்பயர்' என்னுஞ் சொல்லின் கதை சுவையானது. ஊடே மூச்சுவிடுதல் என்பது அதன் முதற்பொருள். தாவரவியலார் ஆவியுயிர்ப்பு என்று சொல்லுவதும் இதனையே. இரகசியம் ஒன்று ஆவிபோலக் கசிந்து வெளிப்படுதல் என்னும் பொருளிற் பின்னர் அதனை ஆளத் தொடங்கினர். சாமுவேல் ஜோன்சன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியில், இப்பொருள் பிரான்சிலிருந்து அண்மையிற் புகுந்தது என்றும், அதற்குத் தேவை இருக்கவில்லை என்றும் குறைகூறினார். சொற்களை வேண்டாத இடத்திற் கடன்கொள்ளுதலைக் கண்டிக்கும் வழக்கம் பண்டிதர்க்கு மாத்திரம் உரியதன்று என்பதற்கு இஃது ஒரு சான்று. இக்காலத்திற் பலர் அச்சொல்லை 'நிகழ்ந்தது' என்னும் பொருளிலேயே ஆளுகின்றனர். ஆங்கிலம் எழுதும் நம் மாணாக்கர் அவ்வேறுபாட்டை அறிந்து எழுதுதல் நன்று.

இத்தொடர்களை ஒருங்கு வைத்து நோக்கினால் ஒன்று தெரியும். ஆங்கிலத்தார்க்கு விளக்கம் என்பது பெரும்பாலும் கண்ணின் தொழில். ஒளி வருகின்றது, திரை விலகுகின்றது, வில்லை பொருந்துகின்றது, உருவம் தெரிகின்றது.

தமிழர் காட்சி

தமிழில் இக்கருத்துக்குத் தலைமையான சொல் தெளிதல். அது கண்ணின் தொழிலன்று, நீரின் தொழில். கலங்கிய நீர் அசையாது நிற்க, வண்டல் அடியிற் படிய, மேலே நீர் தெளிகின்றது. வெளியிலிருந்து ஒன்றும் வந்து விழவில்லை. உள்ளே இருந்த மாசு தணிந்து அமர்கின்றது. மயக்கம் தெளிந்தது, வெறி தெளிந்தது, சித்தம் தெளிந்தது என்னும் வழக்குக்களை எண்ணுக. எல்லாவற்றிலும் கலக்கம் முன்னே உண்டு. அமைதி இடையே உண்டு. தெளிவு பின்னே வருகின்றது. காலம் என்பது இச்சொல்லின் வயிற்றிலேயே இருக்கின்றது.

அத்தொழிலை விரைவுபடுத்துதற்கு நம் முன்னோர் ஒரு விதையைக் கண்டனர். அது தேற்றாங்கொட்டை. மட்பாண்டத்தின் உட்புறத்தில் அதனைத் தேய்த்துக் கலங்கல் நீரை வார்ப்பர். விதையிலுள்ள பசைப்பொருள் மண்துகள்களைப் பற்றித் திரட்ட, அவை கனத்துக் கீழே படியும். கலித்தொகை பாடப்பட்ட காலத்திலேயே இது புலவர் உவமையாக வந்திருக்கின்றது. மரத்தின் பெயரே அதன் தொழிலைச் சொல்லுகின்றது: தேற்றுவது தேற்றா.

அம்மூலத்திலிருந்து கிளைத்த சொற்களை நோக்குக. வடித்துத் தெளிந்த மது தேறல். துயரத்தாற் கலங்கிய நெஞ்சுக்கு வேண்டுவது தேறுதல். பரீட்சையிற் சித்தியடைதல் தேறுதல். ஐயமற நிறுவப்பட்ட கணித உண்மை தேற்றம். பைதகரசின் தேற்றம் என்று படிக்கும் சிறுவனும் தேற்றாங்கொட்டையின் உறவினையே உச்சரிக்கின்றான். உறுதிப்பொருளில் வரும் ஏகாரத்தை இலக்கணநூலார் தேற்றேகாரம் என்றனர். நீர்க்குடத்திலிருந்து நெஞ்சுக்கும், நெஞ்சிலிருந்து பரீட்சை மண்டபத்துக்கும், அங்கிருந்து இலக்கணத்துக்கும் ஒரே சொல் வழிநடந்து வந்திருக்கின்றது. இத்தகைய சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு 'பளிங்குருப் பெற்றது' என்று எழுதுவானேன்?

ஒளியைக் குறிக்குஞ் சொற்கள் நமக்கு இல்லாமலும் இல்லை. விளங்குதல் என்பது ஒளிர்தல். தமிழகத்தார் பேச்சில் 'புரிகின்றது' என்னும் இடத்தில் ஈழத்தார் 'விளங்குகின்றது' என்போம். படிப்பறியாத கிழவியும் 'விளங்கேல்லை' என்றே சொல்லுவாள். அவள் நாவில் விளக்கின் ஒளி இருக்கின்றது. அன்றியும், விளக்குதல் என்பதற்குத் தேய்த்துத் தூய்மை செய்தல் என்றும் பொருள் உண்டு. பாத்திரம் விளக்குதல், பல் விளக்குதல் என்பன காண்க. துலங்குதலும் துலக்குதலும் அவ்வாறே. புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கத் துலக்கப் பித்தளைக் குடம் துலங்குகின்றது. 'துப்புத் துலங்கியது' என்னும் தொடர், தேடுபவன் கை ஓயாது உழைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுகின்றது. மறைந்த களவு வெளிப்படுதலுக்கு 'வெளிச்சத்துக்கு வந்தது' என்பதிலும் இது எத்துணைச் செறிவுடையது! ஊரார் அறிய வெளிப்பட்டால் 'அம்பலத்துக்கு வந்தது' என்கின்றோம். யார்முன் வெளிப்பட்டது என்பதும் அங்கே அடங்கிவிடுகின்றது.

விடியலைக் குறிக்கும் நம் நாட்டு வழக்கு ஒன்று உண்டு. 'நிலம் வெளிக்க முன்னர் எழுந்தான்' என்று யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் சொல்லுவர். அவர் வானத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. காலடி மண்ணைப் பார்த்துச் சொல்லுகின்றார். இருளில் ஒன்றாய்க் கிடந்த வரம்பும் வாய்க்காலும் வேறுவேறாய்த் தெரியும் பொழுதே நிலம் வெளிக்கும் பொழுது. ஒரு பொருள் சிறிது சிறிதாக விளக்கமுறுதற்கு இதனினும் நுண்ணிய காட்சி வேண்டுமா?

விடிதல் என்னுஞ் சொல்லுக்கோ நம் மரபில் வேறொரு பணி உண்டு. 'எனக்கு எப்போது விடியும்?' என்று ஏழை கேட்டால், துன்பம் எப்போது தீரும் என்பது பொருள். விடிவு என்பது வாழ்வுக்கு வருவது. 'உண்மை அவனுக்கு விடிந்தது' என்று எழுதுபவன், துயர்தீர்தலைச் சொல்லும் சொல்லை அறிவுக்கு மாற்றிவைத்து இரண்டையும் கெடுக்கின்றான். 'எமேர்ஜ்' என்பதற்கு 'வெளிக்கிடுதல்' என்று மொழிபெயர்ப்பவனும் அத்தகையனே. 'உண்மை வெளிக்கிட்டது' என்றால், உண்மை உடுத்துக்கொண்டு பயணம் புறப்பட்டது என்றே நம்மூரார் கொள்வர்.

'கிறிஸ்ரலைஸ்' என்பதற்கும் நமக்குக் காட்சி உண்டு. தயிரைக் கடைய வெண்ணெய் திரளுகின்றது. அவ்வாறே எண்ணத்தைக் கடையக் கருத்துத் திரளுகின்றது. வெண்ணெய் திரண்டு வருகையில் தாழி உடைந்த பழமொழியை அறியாதார் யார்? உப்பளத்தில் நீர் வற்ற உப்பு விளைகின்றது என்கின்றோம். பளிங்கு பிறத்தலை நாம் விளைவாகவே கண்டோம். இரசாயன நூலிற் பளிங்காக்கம் என்று எழுதுக. கட்டுரையிற் கருத்துத் திரண்டது என்று எழுதுக.

காலத்தைக் காட்டும் வகை

ஆங்கிலத்தில் 'கிராஜுவலி', 'இன்கிறீசிங்லி' முதலிய அடைகள் செய்யும் வேலையைத் தமிழில் வினையே செய்துவிடுகின்றது. இதனை மறந்ததனாற்றான் 'அதிகரித்த அளவில் தெளிவாகி வருகின்றது' போன்ற பாரவண்டிகள் நம் உரைநடையில் ஓடுகின்றன. 'வரவரத் தெளிகின்றது' என்றால் வேண்டியது முழுவதும் வந்துவிட்டது.

வரவர, படிக்கப் படிக்க, கேட்கக் கேட்க, நாட்செல்லச் செல்ல, ஆராய ஆராய என்னும் அடுக்குகளின் ஆற்றலை நோக்குக. வினையெச்சம் இருமுறை வந்து, செயல் தொடர்ந்து நிகழ்தலையும், அதனோடு ஒத்துப் பயன் வளர்தலையும் ஒருங்கே காட்டுகின்றது. 'போகப் போகத் தெரியும்' என்கின்றோம். 'ரைம் வில் ரெல்' என்று ஆங்கிலத்தார் சொல்லும் இடம் அது. அவர்கள் தொடரிற் காலம் வந்து சொல்லுகின்றது. நம் தொடரில் நாம் நடந்துபோய் அறிகின்றோம். இரண்டும் அழகே.

இனித் துணைவினைகளை நோக்குவோம். விளங்குதல் என்னும் ஒரு வினையை எடுத்துக்கொள்க. 'விளங்கியும் விளங்காமலும் இருக்கின்றது' என்றால் முதற்படி. 'விளங்கினாற்போல இருக்கின்றது' என்றால் நம்பிக்கை சிறிது பிறந்த படி. 'விளங்கலாயிற்று' என்றால் தொடக்கம் உறுதியாயிற்று. 'விளங்கி வருகின்றது' என்றால் முன்னே தொடங்கிய விளக்கம் இன்றும் வளர்கின்றது. 'விளங்கிவிட்டது' என்றால் முடிந்தது. 'விளங்கிக்கொண்டேன்' என்றால் என் முயற்சியால் அதனை எனதாக்கினேன். ஒரு சொல்லின் வாலை மாற்றி ஆறு படிகளை வேறுபடுத்தும் வசதி நம் கையில் இருக்கின்றது. இவ்வாறையும் 'தெளிவாகியது' என்னும் ஒரே சொல்லால் மொழிபெயர்த்து முடிக்கும் வழக்கம், ஆறு அறையுள்ள வீட்டில் ஒரே அறையிற் சமைத்து உண்டு உறங்குவதை ஒக்கும்.

யாருக்குத் தெரிந்தது?

இவற்றினும் பெரிதாகிய ஒன்று உண்டு. தமிழில் விளங்குதல், தெரிதல், பிடிபடுதல் முதலியன நாலாம் வேற்றுமையை அவாவி நிற்கும். எனக்கு விளங்கிற்று, அவனுக்குத் தெரிந்தது, மாணாக்கிக்குப் பிடிபட்டது. அறிவு நிகழ்ந்தது என்றால், யாருக்கு நிகழ்ந்தது என்னும் கேள்வி உடனே எழும். சொல்லாது விட்டாலும் சூழ்நிலை அதனை உணர்த்திநிற்கும்.

ஆங்கில அறிக்கை நடையில் 'இற் ஹாஸ் எமேர்ஜ்ட்' என்று ஒரு தொடக்கம் உண்டு. அதற்கு அறிபவன் வேண்டியதில்லை. உண்மை நீருக்குள்ளிருந்து தானே எழுந்து மிதந்தது. கண்டவன் யார், எப்போது கண்டான், முன்னரே கண்டும் வாளாவிருந்தானா என்பவை எல்லாம் நீருக்குள்ளேயே கிடக்கும். அதனைப் பின்பற்றி நம் செய்தித்தாள்களும் சுற்றறிக்கைகளும் 'தெரியவந்துள்ளது' என்று முடிக்கின்றன. தெரியவருதல் நல்ல தமிழ்தான். 'விசாரணை செய்த அதிகாரிக்கு இவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் தெரியவந்தது' என்று எழுதினால் அது நிறைந்த தமிழ். 'கொடுப்பனவிற் பிழை நேர்ந்துள்ளமை தெரியவந்துள்ளது' என்று மாத்திரம் எழுதினால், படிப்பவன் தன் பணத்தைக் குறித்து யாரைக் கேட்பது என்று அறியான்.

மொழிபெயர்ப்பையே நம்பி வாழவேண்டிய வாசகர் நம் நாட்டிற் பலர். அரச காரியாலயத்திலிருந்து வரும் தாளில் மூலம் வேறு மொழியாய் இருக்க, தமிழ் அதன் நிழலாய் வருகின்றது. நிழல் மங்கினால் இழப்பு மொழிக்கு மாத்திரம் அன்று. காணி, ஓய்வூதியம், பிள்ளையின் பாடசாலை அநுமதி ஆகிய எல்லாவற்றுக்கும் இழப்பு உண்டு. ஆகவே மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொருவரும் 'தெரியவந்தது' என்று எழுதுமுன், யாருக்கு என்று ஒருமுறை தம்மைத் தாமே வினவுவாராக. மூலத்தில் விடை இல்லையாயின், இல்லை என்பதையாவது அவர் அறிந்தவராவர்.

ஐயத்துக்கும் இலக்கணம்

அறிவு படிப்படியாக வளருமென்பதை நம் நூலார் எத்துணைக் கூர்ந்து நோக்கினர் என்பதற்குத் தொல்காப்பியம் சான்று. தூரத்தே ஓர் உருவம் தோன்றுகின்றது. மரக்கட்டையோ மனிதனோ என்பது தெரியவில்லை. அந்நிலையில் எப்படிப் பேசுவது? உயர்திணைச் சொல்லும் ஆகாது, அஃறிணைச் சொல்லும் ஆகாது. உருவு என்னும் பொதுச்சொல்லாற் சொல்லுக என்று சொல்லதிகாரம் வழிகாட்டுகின்றது. மனிதர் என்பது துணிந்தபின், ஆணோ பெண்ணோ என்னும் ஐயம் எஞ்சினால், அங்கே பலர்பாற் சொல்லால் வழங்குக என்கின்றது. ஐயம் முற்றும் நீங்கியபின், இது மற்றையதன்று என்று மறுத்துச் சொல்லும் முறையையும் வகுக்கின்றது. தெளிவு பிறவாத பொழுதும் பிழையின்றிப் பேச வழி வகுத்த இலக்கணம் இது. அறிந்த அளவுக்கு மேலே சொல்லாதே. அறிந்த அளவைச் சொல்லாமலும் விடாதே என்னும் நெறி அங்கே இருக்கின்றது.

நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர் கல்வியின் படிகளை அளந்தே காட்டினார். ஒரு நூலை ஒருமுறை கேட்டவன் மீண்டும் ஒருமுறை கேட்பானாயின் பிழை பெரும்பாலும் நீங்கும். மூன்றாம் முறை கேட்பின் முறையறிந்து சொல்ல வல்லவனாவான் என்றார். ஆசிரியனிடம் கேட்டு நன்றாகக் கொண்டாலும் கிடைப்பது காற்பங்கே; உடன்பயில்வாரோடு பழகி மற்றொரு காற்பங்கு; பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கு என்றும் கணக்கிட்டார். ஒரே நாளில் 'விடிந்துவிடும்' கல்வியை அவர் அறியார்.

வகுப்பறைக்கு வருவோம். பாடம் முடிந்ததும் ஆசிரியர் 'விளங்கிற்றா?' என்று வினவுகின்றார். 'விளங்கிற்று' என்று ஒரே குரலில் விடை வருகின்றது. அக்குரலுள் முற்றும் விளங்கியவன் குரலும் உண்டு. அரைகுறையாய் விளங்கியவன் குரலும் உண்டு. ஒன்றும் விளங்காது பக்கத்தவனைப் பின்பற்றியவன் குரலும் உண்டு. விளங்கியது, விளங்கவில்லை என்னும் இரண்டு விடைகளுக்கே இடமிருந்தால், பிள்ளை வெட்கத்தால் முதல் விடையைச் சொல்லும். 'விளங்கினாற்போல இருக்கின்றது, ஆனால் இரண்டாம் வரியில் மயங்குகின்றேன்' என்று சொல்லப் பழகிய பிள்ளைக்கோ ஆசிரியர் அந்த இரண்டாம் வரியிலேயே கைகொடுக்கலாம். இடைப்படிகளுக்குச் சொல் வேண்டும் என்று வற்புறுத்துவது இதன் பொருட்டே.

தமிழில் விளங்குதல் தன்வினை, விளக்குதல் பிறவினை. துலங்குதலும் துலக்குதலும், தேறுதலும் தேற்றுதலும் அப்படியே. முன்னது மாணாக்கன் தொழில். பின்னது ஆசிரியன் தொழில். ஓரெழுத்து வேறுபாட்டுக்கு இடையே கிடக்கும் காலமே கல்வி. 'நான் விளக்கிவிட்டேன்' என்று ஆசிரியன் சொல்லிய அக்கணத்தில் 'அவனுக்கு விளங்கிவிட்டது' என்பது நிறைவேறிவிடாது. தேற்றாங்கொட்டையைத் தேய்ப்பது நம் கை. தெளிய வேண்டியது நீர். குடத்தை மேலும் மேலும் ஆட்டிக்கொண்டிருப்பவன் தெளிவைக் காணமாட்டான்.

கொள்ளத்தக்கனவும் தள்ளத்தக்கனவும்

இங்கே ஒரு தடை எழும். 'மொழி கொண்டும் கொடுத்தும் வளர்வது. ஆங்கிலத் தொடர்களை வரவிடாது கதவடைத்தால் தமிழ் எங்ஙனம் வளரும்?' என்று இளைஞர் வினவுவர். வினா நியாயமானதே. மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களும் ஆக்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். விபுலாநந்த அடிகள் சேக்சுபியரைத் தமிழர்க்கு எடுத்துக்காட்ட 'மதங்க சூளாமணி' இயற்றினார். பிறமொழிச் செல்வத்தைத் தமிழுக்குக் கொணர்தல் இந்நாட்டுக்குப் புதிதன்று. கொணர்ந்தவர்கள் தமிழை அறிந்து கொணர்ந்தனர் என்பதே கருதத்தக்கது.

ஆகவே மூன்று வினாக்களை முன்வைக்கின்றோம். புதிய தொடர் ஒன்றை ஆளுமுன் எழுதுவோர் இவற்றை வினவிக்கொள்வாராக.

ஒன்று: இத்தொடர் நிரப்பும் வெற்றிடம் தமிழில் உண்டா? பௌதிகத்திற் குவியம் என்னுஞ் சொல் வேண்டியிருந்தது, வந்தது, நிலைத்தது. கட்டுரையில் 'பிரச்சினை குவியத்துக்கு வந்தது' என்பதற்கு இடமில்லை. 'பிரச்சினை இன்னதென்பது புலனாகத் தொடங்கிற்று' என்று எழுத நமக்குத் தெரியும்.

இரண்டு: ஆங்கிலம் அறியாதவன் மனத்தில் இத்தொடர் ஒரு காட்சியை எழுப்புமா? 'காலம் பதில் சொல்லும்' என்பது ஆங்கிலத் தொடரின் சாயலுடையதே. எனினும் காலத்தை ஆளாக வைத்துப் பேசுதல் நமக்குப் பழக்கமாதலின், கேட்டவன் தடுமாறுவதில்லை. அது தங்கட்டும். 'அறிக்கையின் வெளிச்சத்தில்' என்றால் அறிக்கையைக் கொளுத்தி வெளிச்சம் பெற்றார்களோ என்று ஐயுற வேண்டியிருக்கின்றது. 'அறிக்கையைக் கொண்டு நோக்குமிடத்து' என்றால் வழக்குத் தீர்ந்தது.

மூன்று: இத்தொடர் தமிழ் வினையின் இயல்புக்கு இசையுமா? யாருக்கு, எவ்வளவு, எப்படியில் என்பவற்றைச் சொல்ல இடம்விடுமா, மறைத்துவிடுமா? மறைப்பதாயின் அது எத்துணை நாகரிகமாய்த் தோன்றினும் தள்ளத்தக்கது.

மாணாக்கர்க்கு ஒரு வார்த்தை. ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே கற்றுக்கொள்ளுங்கள். அம்மொழியில் எழுதும்போது விடியலையும் வில்லையையும் திரையையும் அவ்வவற்றின் இடத்தில் வைத்து எழுதுங்கள். உண்மை ஒருவன்மீது விடியும், திட்டம் உருப்பெறும், மறைந்தது வெளிச்சத்துக்கு வரும், இவற்றைத் தம்முள் மாற்றாதிருங்கள். தமிழில் எழுதும்போது மூலத்தின் சொல்லை மறந்து நிகழ்ச்சியை நினையுங்கள். என்ன நிகழ்ந்தது? கலக்கம் அமர்ந்ததா? மாசு தேய்ந்ததா? சிதறியது திரண்டதா? மறைந்தது அம்பலமேறிற்றா? இருளில் ஒன்றாய்க் கிடந்தவை வேறுவேறாய்த் தெரிந்தனவா? நிகழ்ச்சியைக் கண்டுகொண்டால் சொல் தானே வரும்.

ஆசிரியர்க்கும் ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்புப் பயிற்சியில் 'பிழை' என்று சிவப்புக் கோடு இழுத்து நிறுத்திவிடாது, அவ்விடத்துக்கு உரிய தமிழ் வினைகள் நான்கைந்தை மாணாக்கரைக் கொண்டே சொல்லுவித்து, அவற்றின் வேறுபாட்டையும் அவர்களைக் கொண்டே ஆராய்விக்கலாம். ஒரு பாடவேளை அதற்குச் செலவானாற் செலவாகட்டும். தெளிதலும் தேறுதலும் துலங்குதலும் புலனாதலும் வேறுவேறு என்று உணர்ந்த பிள்ளை, தன் உள்ளத்தில் நிகழ்வதையும் வேறுபடுத்தி நோக்கப் பழகும். பரீட்சையில் தேறுதலுக்கு முன்னே பொருளில் தேறுதல் ஒன்று உண்டு என்பதையும் அது அறிந்துகொள்ளும்.